ஒரு நிமிடப் பாட்டு: பார்க்கவும் படமெடுக்கவும் ஒரு வழிகாட்டி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முதலாண்டு மாணவர்களிடம் முதல் அசைன்மென்டுக்கு என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் மியூசிக் வீடியோ. கதை வேண்டாம், வசனம் வேண்டாம், பாட்டு கையில் இருக்கிறது, நண்பன் நடிப்பான் என்பது கணக்கு. எடுத்து முடித்த பிறகு பார்த்தால் படம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போயிருக்கும். உடனே கேமராவைக் குறை சொல்வார்கள். கேமரா நல்ல கேமராதான். பார்க்கப் பழகாமல் எடுக்கப் போனதுதான் கோளாறு.

ஆழ்வார்பேட்டைப் பக்கம் தங்கிப் படிக்கிற மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டி.டி.கே. சாலையில் நாரத கான சபா, எல்டாம்ஸ் சாலையில் ராஜ்கமல் பட நிறுவனம், முர்ரேஸ் கேட் சாலையில் மெட்ராஸ் டாக்கீஸ் பட நிறுவனம் என்று இசையும் சினிமாவும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஊர் இது. தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். கற்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சினிமாப் பாட்டில் தொடங்காதீர்கள். அதில் கதாபாத்திரம், கதை, நட்சத்திரம் எல்லாம் கலந்திருக்கும். எது பாட்டுக்காக எடுத்த ஷாட், எது கதைக்காக எடுத்த ஷாட் என்று பிரிப்பது ஆரம்பத்தில் சிரமம். தனிப்பாடலாக வந்த வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது இரண்டு.

ஒன்று, 2017 பொங்கலன்று வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, இசையமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா, இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். எண்ணூர் கழிமுகத்தில் எடுத்தது. மற்றொன்று, 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. தீ, அறிவு பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. அமித் கிருஷ்ணன் இயக்கம். இரண்டும் நிலத்தைப் பற்றிய பாடல்கள். ஆனால் இரண்டின் படமொழியும் வேறு வேறு. ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி.

ஒரே வீடியோவை மூன்று விதமாகப் பாருங்கள்

முதல் முறை சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பாருங்கள். புறம்போக்குப் பாடலை இப்படிப் பார்த்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், நீரும், அந்த வெளியில் நிற்கிற ஒரு மனிதரும் கண்ணில் நிற்பார்கள். கச்சேரி மேடையில் பார்த்துப் பழகிய பாடகர் இங்கே முகமூடியோடு நிற்பது, சத்தம் இல்லாதபோதுதான் உறைக்கும்.

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இது பேச்சுத் தமிழில் எழுதி, ராகமாலிகையாக அமைத்த பாட்டு. ஆனந்தபைரவியில் தொடங்கி ராகங்கள் மாறிக்கொண்டே போகும். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. குரலின் மனநிலை எங்கே திரும்புகிறது என்று தோன்றுகிறதோ அங்கே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் காகிதத்தைப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பக்கத்து வீட்டு மாமியிடம் காட்டி, “மாமி, இங்கெல்லாம் ராகம் மாறுதா?” என்று கேளுங்கள். காது எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இசை தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேட்பது வீடியோ பகுப்பாய்வில் பாதி வேலை. பல மாணவர்கள் படத்தைப் பற்றி மட்டும் எழுதி, இசையை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ராகம் திரும்புகிற இடத்தில் படமும் திரும்புகிறதா?

நோட்டில் எழுதுங்கள்

பார்த்ததைத் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. நீளவாக்கில் நோட்டை வைத்துக் கோடு போட்டு ஆறு பத்தி பிரியுங்கள்: நேரம், ஷாட் அளவு, கேமரா அசைவு, ஃப்ரேமில் யார் அல்லது எது, பாட்டில் அப்போது என்ன, வெட்டு எங்கே விழுகிறது. ஒரு வரி இப்படி இருக்கலாம்: ‘0:42 – மிட் குளோசப் – கேமரா அசையவில்லை – பாடுபவர் முகம் – பல்லவி இரண்டாவது அடி முடிகிறது – அடி முடியும் முன்பே வெட்டு.’ முழுப் பாட்டுக்கும் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். போகட்டும்.

பிறகு சின்னக் கணக்கு ஒன்று. பல்லவியில் எத்தனை ஷாட், சரணத்தில் எத்தனை ஷாட் என்று தனித்தனியாக எண்ணி, அந்தப் பகுதியின் விநாடிகளை ஷாட் எண்ணிக்கையால் வகுங்கள். 60 விநாடிப் பல்லவியில் 20 ஷாட் இருந்தால் சராசரி ஷாட் 3 விநாடி. அதே நீளச் சரணத்தில் 10 ஷாட்தான் என்றால் சராசரி 6 விநாடி. இயக்குநர் சரணத்தில் நிதானிக்கிறார். ஏன் என்று யோசிக்க ஆரம்பித்த இடத்தில்தான் பகுப்பாய்வு தொடங்குகிறது. ‘வண்ணங்கள் மனதைக் கவர்கின்றன’ என்று எழுதினால் ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ‘சரணத்தில் வெட்டுகள் பாதியாகக் குறைகின்றன, அங்கேதான் முதல் முறையாக நிலம் முழுதாகத் தெரிகிறது’ என்று எழுதினால் நின்று படிப்பார்.

சொல்லுக்கும் படத்துக்கும் என்ன உறவு என்று பார்க்க ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் எழுதிய புத்தகத்தின் வகைப்பாடு இன்றும் உதவுகிறது. படம் சொல்லை அப்படியே காட்டலாம். சொல்லில் இல்லாததைச் சேர்த்து அதைப் பெரிதாக்கலாம். சொல்லோடு ஒட்டாமலும் போகலாம். ‘என்ஜாய் எஞ்சாமி’யில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நாற்காலியில் அரசியைப் போல அமர்ந்திருக்கிறார். தோட்டத் தொழிலாளராக வாழ்ந்த தலைமுறையின் பாட்டு அது. அந்த வாழ்க்கையை நடித்துக் காட்டாமல், வாழ்ந்தவரையே சிம்மாசனத்தில் உட்கார வைத்தது படம் செய்த காரியம். இரண்டாம் வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சொல்லைக் காட்டிலும் வாத்தியத்தைப் பின்தொடர்கிற வீடியோவும் உண்டு. டாஃப்ட் பங்க் குழுவின் ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ பாட்டுக்கு 1997-இல் மிஷெல் கோன்ட்ரி எடுத்த வீடியோவில், ஆடுபவர்கள் குழுக்குழுவாகப் பிரிந்திருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வாத்தியம். ரோபோ உடை போட்டவர்கள் குரலுக்கு ஆடுகிறார்கள், எலும்புக்கூடுகள் கிட்டாருக்கு, மம்மிகள் டிரம் மெஷினுக்கு. ஒரு முறை கிட்டாரை மட்டும் கேட்டுக்கொண்டு எலும்புக்கூடுகளை மட்டும் பாருங்கள். இசையைக் கண்ணால் பார்ப்பது என்றால் என்ன என்று புரியும்.

இன்னொரு பயிற்சி: ரதீந்திரன் பிரசாத் 2015-இல் எடுத்த ‘கொடைக்கானல் வோன்ட்’. கொடைக்கானல் பாதரசக் கழிவு பற்றி சோபியா அஷ்ரஃப் பாடிய ராப். புறம்போக்குப் பாடலுக்கும் இதற்கும் ஒரே இயக்குநர், இரண்டிலும் விஷயம் சூழல் மாசு. ராப்புக்கு எப்படி வெட்டுகிறார், ராகத்துக்கு எப்படிக் காத்திருக்கிறார் என்று இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி எடுக்கலாம்: ஒரே ஒரு நிமிடம்

முழுப் பாட்டு வேண்டாம். ஒரு பல்லவி, ஒரு நிமிடம். புதிய பாட்டு கிடைக்காவிட்டால் பாரதியைப் பாருங்கள். அவர் பாடல்கள் நாட்டுடைமை. யாரும் மெட்டுப் போடலாம். ஆனால் சினிமாவில் வந்த மெட்டும் அந்த ஒலிப்பதிவும் வேறு ஒருவருடையவை, அதைத் தொடாதீர்கள். கர்நாடக சங்கீதம் படிக்கிற தோழியை மெட்டமைக்கச் சொல்லி, அமைதியான அறையில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். தாளத்தைத் தளரவிடாமல் இருக்க மெட்ரோனோம் ஓடட்டும்.

பாட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 100 தாள அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு வசதி. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்து எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும். விநாடிக்கு 25 ஃப்ரேம், நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடிக்குச் சரியாக 15 ஃப்ரேம். எட்டு அடி ஆதி தாளம் ஒரு சுற்று வர 120 ஃப்ரேம், அதாவது 4.8 விநாடி. எடிட்டிங்கில் எங்கே வெட்டலாம் என்பது படமெடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

செல்போனில் எடுப்பதென்றால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல போன்களில் ஃப்ரேம் வேகம் ஓடும்போதே கூடிக் குறையும்; உதடு மெல்ல மெல்லப் பாட்டை விட்டு விலகும். ஃப்ரேம் வேகத்தைப் பூட்டிவைக்கிற கேமரா ஆப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் அதிலேயே பூட்டிவிடுங்கள்.

இடம், வீட்டு மொட்டை மாடி. ஆழ்வார்பேட்டைத் தெருக்களின் தூங்குமூஞ்சி மர நிழல் அழகுதான். ஆனால் இலைகளுக்கு நடுவே விழுகிற வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழுந்து குளோசப்பைக் கெடுக்கும். பொதுச் சாலையில் டிரைபாட் வைத்து எடுக்கப் போலீஸ், மாநகராட்சி அனுமதி கேட்பார்கள். மாடிக்கு வீட்டு ஓனரும் அசோசியேஷன் செக்ரட்டரியும் சரி என்றால் போதும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள்.

காலை ஆறேகால் முதல் ஏழரை வரை எடுங்கள். அதற்குப் பிறகு சென்னை வெயில் தலைக்கு மேலே ஏறி, கண்குழியில் கருநிழல் போட்டுவிடும். பாடுபவருக்குப் பின்னால் சூரியன் இருக்கட்டும். முன்னால், ஃப்ரேமுக்கு வெளியே ஒருவர் தெர்மாகோல் ஷீட்டைச் சாய்த்துப் பிடிக்கட்டும். சினிமா செட்டில் செய்வதும் இதுதான். தெர்மாகோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் கண்மணிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்காரும். அங்கே நிறுத்துங்கள். அந்தப் புள்ளி இல்லாத குளோசப்பில் முகம் தூங்கி வழிவதுபோல இருக்கும்.

பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஷூட்டிங் ஸ்பாட்டில் இதை ‘நாகரா’ என்பார்கள். அந்தக் காலத்து ஸ்விஸ் ஒலிப்பதிவுக் கருவியின் பெயர் தங்கிவிட்டது. பாடுபவர் வெறுமே வாயசைக்காமல் குரல் விட்டுப் பாடட்டும். அப்போதுதான் தொண்டை நரம்பும் மூச்சும் படத்தில் உண்மையாக இருக்கும். கேமராவில் பதிவாகிற சத்தம் கடைசியில் பயன்படாது என்றாலும் மைக்கை அணைக்காதீர்கள். எடிட்டிங்கில் பாட்டை உதட்டோடு பொருத்த அதுதான் துணை. ஒவ்வொரு டேக்கிலும் கை தட்டிக் கிளாப் கொடுங்கள்.

முதலில் வைடு ஷாட்டில் முழு நிமிடமும் நிற்காமல் எடுங்கள். பிறகு மிட் ஷாட்டில் முழுதாக, பிறகு குளோசப்பில் முழுதாக. ஒவ்வொன்றும் மூன்று டேக். துண்டு துண்டாக எடுத்தால் பாடுபவரின் மனநிலை அறுந்துவிடும்; முழுதாகப் பாடினால் ஏதாவது ஒரு டேக்கில் எதிர்பாராத ஒரு பார்வை வரும். அதற்குப் பிறகு கை, கொலுசு, தாளம் போடுகிற விரல் என்று இன்சர்ட்டுகள்.

ஸ்லோமோஷனிலும் உதடு பொருந்த வேண்டுமானால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விநாடிக்கு 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100 வைத்து எடுங்கள். பிறகு 25-க்கு இறக்கினால் உடல் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகும். ஒரே ஒரு ஷாட்டுக்கு இதைச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் செய்தால் சலித்துவிடும்.

இடம் சின்னது என்று கவலைப்படுபவர்களுக்கு: 2011 நவம்பரில் வந்த ‘ஒய் திஸ் கொலவெறி’ வீடியோவில் இருப்பது ஒலிப்பதிவுக்கூடமும், ஹெட்போன் மாட்டிய தனுஷும், பக்கத்தில் அனிருத்தும், சில நண்பர்களும்தான். பாடுகிறவர் பாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிற முகம் அதில் இருந்தது.

வெட்டும் மேஜையில்

டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. வைடு ஷாட்டை முழுதாகப் போட்டு, வெட்டாமல் பாருங்கள். எந்த இடத்தில் கண் அலுக்கிறதோ அங்கே முதல் வெட்டு. எல்லா அடியிலும் வெட்டும் ஆசையை அடக்குங்கள். அடிக்கு அடி வெட்டினால் மூன்றாவது சுற்றிலேயே பார்ப்பவர் அடுத்த வெட்டை ஊகித்துவிடுவார். என் கண்ணுக்கு, அடிக்கு இரண்டு ஃப்ரேம் முன்னால் விழுகிற வெட்டுதான் சரியாக அடியில் விழுந்ததுபோலத் தெரிகிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

முடிந்ததும் பழைய நோட்டை எடுத்து, அதே ஆறு பத்தியில் உங்கள் வீடியோவையும் எழுதுங்கள். சத்தம் அணைத்து ஒரு முறை, கண்ணை மூடி ஒரு முறை. எங்கே காரணம் இல்லாமல் வெட்டியிருக்கிறீர்கள் என்பது ‘பாட்டில் அப்போது என்ன’ என்ற பத்தியில் எழுத ஒன்றும் இல்லாமல் கை நிற்கும்போது தெரியும். அந்த இடங்களை மட்டும் மறுபடி எடுங்கள், அடுத்த ஞாயிறு காலையில்.

வெளியிடும் முன் பாடியவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். கடைசியில் வருகிற பெயர்ப் பட்டியலில் பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர், நாகரா போட்டவர், தெர்மாகோல் பிடித்தவர், மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர் என்று ஒருவரையும் விடாமல் முழுப்பெயரோடு போடுங்கள். படிக்க முடிகிற வேகத்தில் போடுங்கள்.