வீட்டு நோட்டுகளில் ஓரக்குறிப்பு எழுத எட்டு யோசனைகள்

மட்டாஞ்சேரித் தமிழ் வீடுகளில் பாட்டியின் சமையல் நோட்டு, தாத்தாவின் கைமருந்து நோட்டு, ஓரமெல்லாம் எழுதிய ராமாயணப் பிரதி என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். நீங்களும் அதில் எழுதிச் சேர்ப்பீர்கள். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. ஜெல் பேனா, மைப்பேனா வேண்டாம். இடவப்பாதி மழை பிடித்ததும் இங்கே காகிதம் ஈரத்தை உறிஞ்சும். மை பரவி அடுத்த பக்கத்தையும் கெடுக்கும். பென்சிலே போதும்.

2. குறிப்பின் அடியில் உங்கள் பெயரெழுத்து, தேதி, யார் சொன்னது என்ற மூன்றும் இருக்கட்டும். இதற்கு நம் ஊரிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. கொச்சியின் டச்சு கவர்னர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நம் மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றிய நூல். தகவல் தந்த இட்டி அச்சுதன் வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்களும் 1675-இல் எழுதிக் கொடுத்த சாட்சியம் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. அந்தத் தொகுதிக்குக் குறிப்புரை எழுதிய லைடன் பேராசிரியர் அர்னால்ட் சையனின் பெயரும் தலைப்புப் பக்கத்தில் தனியாக உண்டு. சொன்னவர் யார், விளக்கியவர் யார் என்ற குழப்பமே இல்லை. 'அம்மிணி மாமி சொன்னது, 12.8.2019' என்று நீங்கள் எழுதும் ஒரு வரியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

3. பழைய வரியை அடித்துத் திருத்தாதீர்கள். பாட்டி 'இரண்டு கரண்டி புளிக்கரைசல்' என்று எழுதியிருந்தால் அது அப்படியே நிற்கட்டும். 'எங்களுக்கு ஒன்றரை போதும்' என்று ஓரத்தில் எழுதுங்கள். உ.வே.சாமிநாதையர் சுவடிக்குச் சுவடி மாறிய பாடங்களைப் பிரதிபேதமாக அடிக்குறிப்பில் கொடுத்தார். அதனால் படிப்பவர் இரண்டையும் பார்த்து முடிவு செய்ய முடிகிறது. நோட்டைப் புதிதாகப் படியெடுக்கும்போதும் ஓரக்குறிப்பை மூல வரியோடு கலக்காதீர்கள். இடைச்செருகல் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று.

4. மூலிகை என்றால் தமிழ்ப்பெயருக்குப் பக்கத்தில் மலையாளப் பெயரும் வேண்டும்: வல்லாரை – முத்திள், குடங்ஙல். செடி எது என்று உறுதியில்லையா? பெரிய கேள்விக்குறி போடுங்கள். உள்ளுக்குச் சாப்பிடுகிற விஷயம்.

5. கொல்லம் ஆண்டு மட்டும் இருந்தால் ஆங்கில ஆண்டையும் சேர்க்கவும். சிங்ஙம் முதல் தனு பாதிவரை 824, அதன்பின் கர்க்கடகம் முடிய 825 கூட்டுங்கள். 1120 கன்னி என்றால் 1944. அதே 1120 மேடம் 1945.

6. நாழி, உழக்கு என்ற அளவுகளுக்கு வீட்டுப் பாத்திரத்தில் அரிசியை நிரப்பித் தராசில் நிறுத்து, கிராம் கணக்கை ஓரத்தில் எழுதவும். தோலா என்றால் 11.66 கிராம்.

7. செல்லோடேப், ஒட்டும் சீட்டு இரண்டும் கூடாது, பசை பழுப்பேறும். இடமில்லாவிட்டால் மெல்லிய வெள்ளைத்தாளில் எழுதி, பக்க எண்ணோடு உள்ளே செருகலாம்.

8. மருந்துக் கடையில் 'வயம்பு' என்று கேட்டால் வசம்பு கிடைக்கும். நன்றாகக் காய்ந்த துண்டுகளைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், பூச்சி அண்டாது. மழை விட்ட நாட்களில் நோட்டை நிழலில் விரித்துக் காற்றாட விடவும். நேர் வெயிலில் வைத்தால் பழைய மை வெளிறிவிடும்.