முதல் கறுப்பு மலம் எப்போது போனது?

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எடை எவ்வளவு, யார் சாயல் என்று விசாரிப்பார்கள். நான் முதல் கறுப்பு மலம் எப்போது போனது என்று கேட்பேன். என் மகனுக்குக் குடலின் கீழ்ப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று தெரிந்ததிலிருந்து, அலோர் ஸ்டாரிலும் பாடாங் செராய் பக்கத் தோட்டங்களிலும் பிள்ளை பெற்ற உறவுக்காரப் பெண்கள் எல்லாரிடமும் இதைக் கேட்டுவிடுகிறேன்.

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் அந்த மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் போகவில்லை, அல்லது வயிறு உப்பி இறுகுகிறது, அல்லது பாலை மறுக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தால் வேறு அறிகுறியே வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வெற்றிலைக் காம்பை நம்பி இருக்காதீர்கள்

"காம்புல விளக்கெண்ணெய் தொட்டு வச்சா தன்னால போயிரும்மா" என்றார் அத்தை. அன்பில் சொன்னதுதான். ஆனால் ஆசனவாயைத் தூண்டினால் இந்த நோயுள்ள குழந்தைக்கும் காற்றும் மலமும் பீறிட்டு வரும். சரியாகிவிட்டது என்று வீடே நிம்மதியடையும். அடைப்போ அப்படியே இருக்கும். வீட்டுக்கு வரும் கிளினிக் மிஸியிடம் (தாதியிடம்) எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாயைக் குறை சொல்லாதீர்கள்

மாசமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே போனாயா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. கருவின் 5 முதல் 12ஆம் வாரத்துக்குள் குடலின் நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து ஆசனவாய்வரை வந்து சேர வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் விரியாமல் சுருங்கியே இருக்கும். மேலே மலம் தேங்கி வீங்கும். சுமார் 5,000 பிறப்பில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம். 1886இல் டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இதை விவரித்தார். நரம்பணுக்கள் இல்லாத பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையை 1948இல் ஓர்வார் சுவென்சன் வெளியிட்டார். இன்றைய சிகிச்சைக்கும் அதுதான் அடிப்படை. பரம்பரைக் கூறும் சிலருக்கு உண்டு. அடுத்த கர்ப்பத்தில் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

வயிற்றில் பை மாட்டினால்

சில குழந்தைகளுக்கு முதலில் குடலை வயிற்றின் வழியாக வெளியே எடுத்துப் பை மாட்டுவார்கள். வெளியே தெரியும் குடல் உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருந்தால் நல்லது. கருத்தால் உடனே ஓடுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கனத்தால் பிய்த்துக்கொள்ளும். பாட்டிமார் எண்ணெய் தேய்த்துவிட ஆசைப்படுவார்கள். கை காலுக்குத் தேய்க்கட்டும், வயிற்றில் வேண்டாம்: எண்ணெய், பவுடர் பட்ட தோலில் பை ஒட்டாது. ஒட்டும் வளையத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே சிறிது நேரம் வைத்துச் சூடாக்கிவிட்டு ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும்.

மருத்துவமனையில் குடலைக் கழுவச் சொல்லித் தந்தால், சொன்ன அளவில் இளஞ்சூடான உப்புநீர்க் கரைசல் மட்டும்தான். வெறும் தண்ணீர் உடலில் உப்பின் அளவைக் குலைத்துவிடும்.

அறுவை முடிந்தாலும் கவனம் வேண்டும்

குடல் அழற்சிதான் இந்த நோயில் உயிருக்கே ஆபத்தானது. அறுவைக்குப் பிறகும் வரலாம். வயிறு உப்பி, காய்ச்சல் அடித்து, வெடித்தாற்போல் கெட்ட நாற்றத்துடன் பேதி போனால் சாதாரண வயிற்றுப்போக்கு என்று மருந்து வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. தொலைவில் பாலிங்கிலோ கூலிமிலோ இருப்பவர்கள் அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தாமதிக்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அறுவை விவரக் காகிதத்தைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்திலேயே செருகி வையுங்கள். நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்கு மலச்சிக்கலோ கசிவோ சில வருடங்கள் நீடிக்கும். அதற்காக அதட்டாதீர்கள். பள்ளிக்கு அனுப்பும்போது மாற்று உடையொன்று கொடுத்து, ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். மலத்தைப் பற்றிப் பேச வீட்டில் யாரும் கூச்சப்படாவிட்டால், பிள்ளையும் தன் உடம்பில் ஏதாவது சரியில்லை என்றால் தயங்காமல் நம்மிடம் வந்து சொல்லும்.