தண்ணீர் எதையும் கொண்டுபோய்விடாது
வீட்டுக் கழிவு பற்றிய ஒரு பாடம்

கம்போடியாவில் தொன்லே சாப் என்றொரு பெரிய ஏரி உண்டு. அங்கே பல கிராமங்கள் தண்ணீரில் மிதக்கின்றன. வீடும் கடையும் பள்ளிக்கூடமும் மூங்கில் கட்டுகள், பீப்பாய்கள் மேல் நிற்கின்றன. மழைக்காலத்தில் மேகொங் ஆற்று வெள்ளம் ஏரிக்குள் பாய, ஏரி பல மடங்கு விரியும். கோடையில் சுருங்கும். மலம் விழுவதும் பாத்திரம் கழுவுவதும் அதே நீரில்தான். நீர் குறையும்போது அழுக்குச் செறிகிறது; பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருகிறது.

இதற்கு அங்குள்ள வெட்லண்ட்ஸ் வேர்க் என்ற அமைப்பு ஒரு வழி கண்டது. மலம் முதலில் மூடிய கொள்கலத்தில் தங்கி நொதிக்கும். பிறகு அந்நீர், ஆற்றுவாழை வளரும் மிதக்கும் கூடைக்குள் போகும். வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். அந்நீர் குடிக்க உகந்ததல்ல. ஆனால் நோய்க்கிருமிகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

நாம் மிதக்கும் வீட்டில் வாழவில்லை. ஆனால் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களும் தாழ்ந்த நிலமே. 2006 இல் சம்பூரை விட்டு வந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் இருந்தவர்களுக்கு, ஒரு குடிசையின் கழிவு அடுத்த குடிசையின் வாசலுக்கு வருவது தெரியும். சொந்தக் காணிக்குத் திரும்பினாலும் மாரியில் கிடங்கும் கிணறும் நிலத்தின் கீழே ஒன்றையொன்று தேடும். ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போம்.

1. மலசலகூடம்: கிடங்கு கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் (சுமார் 100 அடி) தள்ளியிருக்க வேண்டும். அதன் அடி, மாரிகால நிலத்தடி நீர்மட்டத்துக்கு 5 அடியாவது மேலே இருக்கட்டும். தாழ்ந்த காணியில் மண் போட்டு மேடாக்கிக் கட்டுங்கள். கைக்குழந்தையின் மலத்தையும் அங்கேயே போடுங்கள்; அதிலும் கிருமி உண்டு.

2. குசினிக் கழிவு: மரக்கறித் தோல், காய்ந்த இலை, மாட்டுச் சாணம் மூன்றையும் மாறிமாறி அடுக்குங்கள். ஈரப்பதம் வேண்டும், மழைநீர் நிற்கக்கூடாது. மேலே கிடுகு வேயுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் கூட்டெரு. மீன் கழிவை நடுவில் புதைத்து மூடுங்கள், நாய் கிளறாது.

3. கழுவிய நீர்: மணலும் சரளைக் கல்லும் இட்ட சிறு கிடங்கு வழியாக வாழைக்கு விடுங்கள்.

4. பொலித்தீன், போத்தல், பற்றரி: களப்பில் எறியாதீர்கள், எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. தனிச் சாக்கில் சேர்த்து, பிரதேச சபை வண்டியிடமோ பழைய பொருள் வாங்குபவரிடமோ கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஆற்றுவாழையைக் குளத்தில் விடாதீர்கள். அது குளத்தையே மூடிவிடும். அதைத் தடுக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் வந்தது.

விவசாயிக்கு எருவின் பெறுமதி புதிதல்ல. காணி சிறிதானாலும், வீட்டில் மிஞ்சுவது மண்ணுக்குத் திரும்பினால் அது பயிராகும். நீருக்குப் போனால் நோயாகும்.

குழுவாகப் பேசுங்கள்:
• நம் கிணற்றுக்கும் அயலவர் கிடங்குக்கும் எத்தனை அடி?
• மாரியில் நம் வளவில் நீர் எங்கே தேங்குகிறது? எந்தப் பக்கம் ஓடுகிறது?
• நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு கூட்டெருக் குவியல் போடலாமா? யார் புரட்டுவது?