தோணியில் மீன் ஏற்றும் கைவலையைத் தெரிந்தெடுத்தல்



பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும்வரை கிடைக்கும் ஓய்விலும், தோட்டத்துக்கு நீர் இறைக்காத நாள்களின் மாலை வேளைகளிலும், குளத்திலே தோணியேறித் தூண்டிலிடுவோர் உங்களுட் பலர். தூண்டில், தங்கூசி, இரை ஆகியவற்றைத் தெரிவதிற் காட்டும் கவனத்தை, பட்ட மீனைத் தோணிக்குள் ஏற்றும் கைவலையிற் காட்டுவோர் சிலரே. ஆயினும் மீன் தப்புவது பெரும்பாலும் தோணியின் ஓரத்திலேயாம். நீரிலிருக்கும்போது மீனின் பாரத்தை நீர் தாங்குகின்றது. நீரைவிட்டு உயர்த்தியதும் அப்பாரம் முழுவதும் தூண்டில் முள்ளின்மீதும், அது தைத்த மெல்லிய உதட்டின்மீதும் விழுகின்றது. அவ்வேளையில் மீன் ஒருமுறை துள்ளினால் உதடு கிழியும். அல்லது தங்கூசி அறும்.

மீனைக் கையாற் பிடிக்கக் குனிவது அதனினும் கேடானது. ஒடுங்கிய தோணியில் இருவர் ஒரே பக்கம் சாய்ந்தால் அது கவிழும். உலர் வலயத்துக் குளங்கள் பலவற்றில் முதலைகள் உண்டு என்பதையும் நீங்கள் அறிவீர்கள். கெளிற்று மீனின் முதுகிலும் பக்கச் செட்டைகளிலுமுள்ள முட்கள் குத்தினால் இரண்டொரு நாளைக்கு மண்வெட்டி பிடிக்க இயலாது.

வலைப்பை

கைவலையில் முதலிற் பார்க்கவேண்டியது பையே. கடையில் வாங்குவோர் பெரும்பாலும் பிடியின் பளபளப்பைப் பார்த்து வாங்குகின்றனர், இது தவறு. மீனின் உடலை மூடியிருக்கும் வழும்பு, நோய்க் கிருமிகள் உட்புகாது தடுக்கும் காப்பாகும். முரடான முடிச்சுகள் அவ்வழும்பை உரித்துச் செதில்களையும் பெயர்த்துவிடும். அவ்வாறு காயமுற்ற மீன் நீரில் விட்டவுடன் நீந்திச் சென்றாலும் பின்னர் பூஞ்சணம் பிடித்து இறக்கக்கூடும். கறிக்கெடுக்கும் மீனுக்கு இதனால் நட்டமில்லை. ஆனால், நீங்கள் ஏற்றும் மீன் யாவும் கறிக்குரியன அல்ல. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நமது குளங்களின் முக்கிய மீனாக விளங்குகின்றது. இதன் பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். ஏற்றிய மீனின் வாயில் முட்டையோ குஞ்சோ காணப்படின், வலையை நீரிலிருந்து எடுக்காமலே அதனை விட்டுவிடுக. குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலையும் அவ்வாறே விடுதல் வேண்டும்; காவல் நீங்கினால் ஏனைய மீன்கள் அக்குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். விதைநெல்லைக் குற்றியுண்ணாத கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, முடிச்சில்லாது பின்னிய மெல்லிய நைலோன் வலை, அல்லது றப்பர் பூசிய வலை நன்று. றப்பர் வலை சிறிது பாரமானது, விலையும் கூடியது. எனினும் கெளிற்றின் முள்ளும் தூண்டில் முள்ளும் அதிற் சிக்குவது குறைவு. மூன்று கவருள்ள முள்ளை உபயோகிப்போர் அதனையே வாங்குக. வலைக்கண் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இருக்கலாம். கண் பெரிதானால் மீனின் மூக்கு நுழைந்து செவுள் மூடி சிக்கும்; நுளம்பு வலைபோல மிகச் சிறிதானால் நீரில் இழுப்பது கடினம். வெங்காயம் வரும் வலைப்பையை வெட்டித் தைப்பாரும் உளர். செலவில்லையென்பது மெய்யே, ஆயினும் அதன் இழை மீனை அராவும். பழைய தங்கூசி வலைத்துண்டு அதனினும் தீது.

பையின் அடி தட்டையாகவும், ஆழம் 15 முதல் 18 அங்குலமாகவும் இருத்தல் நலம். ஆழங் குறைந்தால் மீன் துள்ளி வெளியேறும். கூராக ஒடுங்கிய பையில் மீன் மடிந்து செட்டைகள் முறியும்.

வளையமும் பிடியும்

திலாப்பியாவுக்கு 16 அங்குல அகலமுள்ள வாய் போதும். விரால், கட்லா போன்ற பெரிய மீன்களை நாடுவோருக்கு 20 அங்குலம் வேண்டும். பிடியின் நீளத்தைத் தோணியே தீர்மானிக்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிய சிறு தோணியில் இரண்டு அல்லது இரண்டரை அடிப் பிடியே ஏற்றது. நீண்ட பிடி மற்றவர் மேல் இடிக்கும். ஓரம் உயர்ந்த பைபர் வள்ளத்துக்கு நான்கடி தேவை. நீரில் விழுந்தால் மிதக்கும் பிடியைத் தெரிக.

வாங்குமுன் பையினுள் இரண்டு கிலோ அரிசியை இட்டு, பிடியின் நுனியைப் பற்றிக் கிடையாக உயர்த்திப் பாருங்கள். வளையம் பிடியுடன் பொருந்தும் இடத்தில் ஆட்டமோ வளைவோ தோன்றினால் அவ்வலை வேண்டாம். பிரம்பை வளைத்து மூங்கிற் பிடியிட்டு வீட்டிலே செய்வதாயின், அப்பொருத்தை நைலோன் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுக.

உபயோகிக்கும் முறை

மீனைத் துரத்தி வலையால் அள்ள முயலற்க. வலையை முன்னரே நனைத்து நீருள் அமிழ்த்திப் பிடித்து, களைத்த மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் இழுத்து வருக. வால் பக்கமாக வலையிட்டால் மீன் முன்னோக்கிப் பாய்ந்து தப்பும். தலை உள்ளே சென்றதும் வளையத்தை உயர்த்தி, பிடியை நிமிர்த்தித் தோணியருகே இழுத்து, விளிம்பைக் கையாற் பற்றி ஏற்றுக. பிடியை மாத்திரம் பற்றிக் கிடையாகத் தூக்கினால் அது முறியக்கூடும். ஏற்றுபவர் அமர்ந்தே இருத்தல் வேண்டும். மற்றவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து தோணியைச் சமப்படுத்துக. இருவரும் உயிர்காப்பு அங்கி அணிவது அவசியம்.

வீடு திரும்பியபின் வலையை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக. வெயில் நைலோனை நலிவிக்கும். கிருமிநாசினித் தெளிகருவி வைக்கும் கொட்டிலில் வலையைத் தொங்கவிடற்க. மருந்து கலந்த வாளியில் அதனை அலசவும் வேண்டாம்; கிருமிநாசினிகள் பல, மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். பருவந்தோறும் பையின் நூலை விரலால் இழுத்துப் பாருங்கள். எளிதில் அறுமாயின், வளையத்தை வைத்துக்கொண்டு பையை மாத்திரம் மாற்றினாற் போதும்.