வண்ணத்துப்பூச்சிக்கு விருந்து, ஆட்டுக்கு நஞ்சு: உண்ணிச்செடியை அடையாளம் காண்போம்



சென்ற மாதம் நம் கூட்டமைப்பிலிருந்து பன்னிரண்டு பேர் பயிற்சிக்காகச் சென்னை போய் வந்தோம். கோடம்பாக்கத்தில் தங்கினோம். அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் காம்பவுண்டு சுவர் ஓரமாக ஒரு பூச்செடி. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும். வெயில் ஏறியதும் ஏழெட்டு வண்ணத்துப்பூச்சிகள் அதையே சுற்றிச் சுற்றிப் பறந்தன. "இதை நம்ம தோட்டத்துல வெச்சா பூச்சி நிறைய வரும், காய் நல்லாப் பிடிக்கும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு ஆளுக்கு இரண்டு குச்சி வாங்கி ஈரத்துணியில் சுற்றினோம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் வாங்கவில்லை. இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். "ஏம்மா, இது உண்ணிச்செடி இல்ல? எங்க ஓடையோரம் மண்டிக் கிடக்குதே! இதைத் தின்னுதான் என் வெள்ளாடு போச்சு. குழுக் கடன்ல வாங்கின ஆடு. ஆடு செத்த பிறகும் ஒன்பது மாசம் தவணை கட்டினேன்" என்றார்.

நாங்கள் பூவைப் பார்த்தோம், அக்கா இலையைப் பார்த்தார். வேலியில் புதராக இருந்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். கத்தரித்து அழகாக வளர்த்திருந்ததால் ஏமாந்துவிட்டோம். குச்சிகளை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

எப்படி அடையாளம் காண்பது?

1. இலை: தண்டில் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். தடவினால் சொரசொரக்கும்.
2. நெடி: இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் காரமான நெடி வரும்.
3. தண்டு: இளந்தண்டு உருண்டையாக இருக்காது, நான்கு பட்டையாக இருக்கும். வளைந்த சிறு முள் இருக்கும். நர்சரியில் விற்கும் வகைகளில் முள் குறைவு.
4. பூ: சின்னச் சின்னப் பூக்கள் சேர்ந்த வட்டக் கொத்து. பல செடிகளில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ஆரஞ்சு, சிவப்பு அல்லது ரோஸ் நிறமும் இருக்கும்.
5. காய்: கொத்தாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, பச்சையாக இருக்கும். பழுத்தால் கருநீலமாகும்.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தையும் பாருங்கள். நர்சரிக்காரர் இதை லண்டானா என்று சொல்வார். இரண்டும் ஒன்றுதான்.

பூச்சிகள் ஏன் வருகின்றன?

புதிதாக மலர்ந்த மஞ்சள் பூவில்தான் தேன் இருக்கும். பூச்சி வந்து போன பூ நிறம் மாறிவிடும். மஞ்சளில் தேன் உண்டு, சிவப்பில் இல்லை என்று பூச்சிக்குப் பழகிவிடும். பூவின் குழல் குறுகலானது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கு அது வசதி. ஆனால் பூச்சிக்கு நல்லது என்பதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

ஆடு மாட்டுக்கு என்ன ஆகும்?

இலையில் உள்ள நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். நெடி காரணமாக ஆடு மாடுகள் சாதாரணமாக இதைத் தொடாது. கோடையில் பசும்புல் இல்லாதபோதும், வெளியூரிலிருந்து வாங்கி வந்த புது ஆட்டுக்குச் செடி தெரியாதபோதும் தின்றுவிடும். பிறகு தீனி எடுக்காது. சாணம் இறுகும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். வெயில் பட்டால் மூக்கு, காது, மடி சிவந்து தோல் வெடிக்கும்.

உடனே நிழலில் கட்டுங்கள். தண்ணீர் வையுங்கள். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். என்ன தின்றது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டு போய்க் காட்டுங்கள். சீக்கிரம் போனால் பிழைக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகளும் இந்தக் காயை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிச் செடி இது. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பின. இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்க விடாமல் மண்டிக் கிடக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் இதன் தண்டை வெட்டி, நிஜ யானை அளவுக்கு யானை உருவங்கள் செய்கிறார்கள். 2021ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. கெட்ட செடியிலும் ஒரு வருமானம்!

நாம் என்ன செய்யலாம்?

மேய்ச்சல் இடத்தில் இருந்தால் காய்க்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழையும். வெட்டிய தழையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

தோட்டத்துக்குப் பூச்சி வேண்டுமென்றால் வேறு நல்ல செடிகள் உண்டு. துளசி பூத்தால் தேனீ வரும். தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி நடலாம். 25 நாள் தக்காளி நாற்று நடும்போது செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதாக இருக்கட்டும். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி செண்டுமல்லிப் பூவில் முட்டையிடப் போகும், தக்காளியில் சேதம் குறையும். பூவையும் விற்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

• நம் ஊரில் உண்ணிச்செடி எங்கெங்கே இருக்கிறது? ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு கிளையைக் கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டட்டும்.
• ஆட்டுக் கடன் கொடுக்கும் முன் மேய்ச்சல் இடத்தைப் போய்ப் பார்க்கிறோமா?
• கடனில் வாங்கிய ஆட்டுக்குக் காப்பீடு செய்திருக்கிறோமா?

அந்த அக்கா ஒருவர் சொன்னதால் பதினொரு வீடுகளுக்கு அந்தக் குச்சி போகவில்லை. உங்களுக்குத் தெரிந்ததையும் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.