கொல்லையில் ஒரு சாமான் கொட்டகை

கேள்வி: கொல்லையில் தக்காளி, கத்தரி போட்டிருக்கிறோம், வியாழன் சந்தையில் வாங்கிய ஆடுகளும் உண்டு. மண்வெட்டி, தெளிப்பான், உர மூட்டை எல்லாம் திண்ணையில் கிடக்கின்றன. கொட்டகையை எப்படி அமைப்பது?
- வாசகி, அய்யலூர்

பதில்: முதலில் எல்லாச் சாமான்களையும் தரையில் பரப்புங்கள். நடுவே ஆள் நடக்க 3 அடி விட்டு, சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அதுதான் உங்களுக்குத் தேவையான அளவு. பெரும்பாலான வீடுகளுக்கு 10க்கு 8 அடி போதும்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மாலை வெயில் குட்டைச் சுவரில் மட்டும் விழும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே கதவு தெற்கே, வெளிப்பக்கம் திறக்கட்டும். தரையை ஒன்றரை அடி உயர்த்தி சிமெண்ட் பூசினால் மழைநீர் ஏறாது. கரையானும் எளிதில் நுழையாது. தகரக் கூரையை ஒருபுறம் 8 அடி, மறுபுறம் 7 அடி உயரத்தில் சரித்து, ஆடிக்காற்றுக்குத் தூக்காதபடி போல்ட்டால் இறுக்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் கூரைக்குக் கீழே காற்றுப் போக்கி வைத்து, எலி புகாமல் கம்பிவலை அடியுங்கள்.

யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். பூச்சிமருந்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத தனி அலமாரியில் பூட்டி வையுங்கள். ஆட்டுத் தீவனத்தை அந்தக் கொட்டகைக்குள் வைக்கவே வேண்டாம். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.