ஆடி மழையும் ஐப்பசி மழையும்: பயணம் தேர்வோர்க்கு ஒரு வழிகாட்டி

மழைக்காலப் பயணம் என்னும் சொற்றொடர் புதுக்கோட்டை மாவட்டத்தாரைப் பொறுத்தவரை ஒரு மயக்கத்தை உள்ளடக்கியது. ஏனெனில் இங்கே மழை என்றால் வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொண்டுவரும் அடைமழையே நினைவுக்கு வர, நாட்டின் பெரும்பகுதியிலோ அது ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவமழையைக் குறிக்கிறது. ஜூன் 1 அளவில் கேரளக் கரையைத் தொடும் அம்மழை ஜூலை இரண்டாம் வாரத்திற்குள் நாடெங்கும் பரவி, செப்டம்பர் நடுவில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து பின்வாங்கத் தொடங்க, அது விலகிய பின்னர், அக்டோபர் 20ஐ ஒட்டியே, தமிழகத்தின் முறை வருகிறது. ஆடியில் கவிநாட்டுக் கண்மாய் வறண்டு, காற்றில் செம்மண் பறக்கும் அதே நாளில் மூணாற்றுச் சாலையில் மண் சரிந்துகொண்டிருக்கலாம் என்பதை வறண்ட ஊரிலிருந்து புறப்படுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இறுதியாண்டுச் சுற்றுலாவுக்கும், ‘ஐ.வி.’ என்று சுருக்கமாக வழங்கும் தொழிற்சாலைப் பார்வைக்கும் மாணவர்கள் இடம் தேர்ந்தெடுக்கும் முறையே இவ்வழிகாட்டிக்குக் காரணம். அந்தந்த வாரம் கைப்பேசிகளில் மிகுதியாகச் சுற்றிய மூடுபனிக் காட்சி ஒருபுறம் இழுக்க, ‘இவ்வளவு செலவழித்துப் போவதற்கு டெல்லி, ஆக்ரா, காசி என்று பார்த்துவிட்டு வரட்டும்’ என்று தொலைவையே மதிப்பாகக் கொள்ளும் பெற்றோர் மறுபுறம் இழுக்கின்றனர். இரு தரப்பும் இடத்தைப் பார்க்கின்றன, மாதத்தைப் பார்ப்பதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் ஆகியவை யாவரும் அறிந்தவை. 2024 மே 7 முதல் அவ்விரண்டுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி இங்கே சொல்ல ஏதுமில்லை. டெல்லியும் ஆக்ராவும் ஜூலை, ஆகஸ்டில் புழுக்கத்தில் வேகும் ஊர்களாதலால் தீபாவளிக்குப் பின்னரே அவற்றை நாடுவது நலம். மலைத்தொடரின் மறுபக்கத்தில் இருப்பதால் ஈரக்காற்று எட்டாத நிலம் மழை மறைவுப் பகுதி எனப்படும். லடாக் அத்தகையதாகலின் பருவமழைக் காலத்திலும் பொதுவாக வறண்டே இருக்கும் என்றாலும், மணாலி வழியாகச் செல்லும் சாலை இமாசலத்தின் மழைச் சரிவுகளைக் கடந்தே போகிறது என்பதையும், 2010 ஆகஸ்டில் லே நகரையே ஒரு மேகவெடிப்பு சிதைத்தது என்பதையும் மறத்தலாகாது. கொங்கண் ரயில் பாதை மழையில்தான் அழகு. ஆயினும் மழைக்காலத்திற்கெனத் தனி அட்டவணை வகுத்து வண்டிகள் வேகம் குறைத்து இயக்கப்படும் அப்பாதை, நாள்களை எண்ணிப் புறப்படுவோர்க்கு ஏற்றதன்று.

மாணவர்களிடையே மிகையாகப் புகழப்படுவது ஆகஸ்டு மூணாறு. தேயிலைச் சரிவில் பனி தவழும் படங்கள் பொய்யல்ல. ஆனால் அப்பனி படத்தில் அழகாக இருக்கும் அளவுக்கு நேரில் இருப்பதில்லை, ஏனெனில் அது பார்க்க வந்த மலையையே மறைத்துவிடுகிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வரையாடு காணச் செல்வோர் பல நாள்களில் வெண்திரையை மட்டும் கண்டு திரும்புகின்றனர். குறிஞ்சி பூத்திருக்குமா என்று ஆண்டுதோறும் கேட்பவர்களும் உளர். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கே பெருமளவில் பூத்தது 2018இல், அடுத்தது 2030இல். 2018 ஆகஸ்டிலேகூடக் கேரளப் பெருவெள்ளம் வந்து அப்பூவைக் காணவந்தோரைத் தடுத்தது.

அழகு குறைவு என்பது சிறிய குறை, ஆபத்தே பெரியது. நாள்கணக்கில் பெய்யும் மழையை உறிஞ்சி ஊறிய மண், அடிப்பாறையின் மேல் பிடிமானம் இழந்து கற்களோடும் மரங்களோடும் வழிந்து இறங்குவதே நிலச்சரிவு. சாலைக்காகச் சரிவை வெட்டிய இடங்களில் அது இன்னும் எளிதில் நிகழ்கிறது. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் புதைந்து 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். 2024 ஜூலை 30 விடியலுக்கு முன் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அவ்வாறே அழிந்தன. 1924 ஜூலைப் பெருவெள்ளம் மூணாற்றின் குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை முற்றாக அழித்தது. அது பின்னர் மீண்டும் போடப்படவேயில்லை.

இத்தகைய மலைக்கு வெள்ளி இரவு வேனில் புறப்பட்டு, போடியிலிருந்து போடிமெட்டு வரையுள்ள கொண்டை ஊசி வளைவுகளை உறக்கக் கலக்கத்தில் கடந்து, திங்கள் காலை வகுப்புக்குத் திரும்பிவிடலாம் என்று போடப்படும் திட்டத்தில் சாலை அடைபட்டால் காத்திருப்பதற்கென ஒரு நாள்கூட ஒதுக்கப்படுவதில்லை. வானிலை ஆய்வு மையத்தின் சிவப்பு எச்சரிக்கை 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பதைக் குறிக்கும். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்ற காரணத்தால் அதைப் பொருட்படுத்தாது புறப்படுவோரே மிகுதி.

மழையில் நனைந்தே தீரவேண்டும் என்போர்க்குக் குற்றாலம் போதும். ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் காற்று அங்கே மழையைச் சாரலாக, அதாவது மெல்லிய தூறலாக, உதிர்க்கிறது. புதுக்கோட்டை வழியே, குற்றாலத்தை அடுத்துள்ள செங்கோட்டைக்குச் செல்லும் சிலம்பு விரைவு வண்டி இருக்க, வேனை நாடுவது ஏனென்பது விளங்கவில்லை. ஆயினும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதால், காவலர் குளிக்கத் தடை விதித்த நாளில் வாதாடாமல் கரையில் நிற்கும் பொறுமை தேவை. வளைவுகளில் குமட்டல் வரும் உடம்பா, ஜன்னலோரத்தில் மணிக்கணக்காக அமரும் மனமா என்று அவரவர் இயல்பைத் தாமே அளந்தறியாதவர்க்கு எந்த ஊரும் சலிப்பையே தரும்.

காத்திருக்கக் கூடியவர்களுக்குச் சொந்த மாவட்டத்தின் கார்த்திகை இருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் ஆலங்குடிப் பக்கத் தென்னைகளைச் சாய்த்ததை மறவாமல் புயல் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு, மழை விட்ட இரண்டாம் நாளில் நார்த்தாமலைக்கோ சித்தன்னவாசலுக்கோ செல்லலாம். பாசி பிடித்த பாறை வழுக்கும், மொட்டைப் பாறையில் இடிக்கு ஒதுங்க இடமிராது என்பதால் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். சித்தன்னவாசலின் அறிவர் கோயில் விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், தீட்டப்பட்ட குளத்தில் மீனும் யானையும் பூப்பறிப்போரும் தாமரைகளுக்கிடையே இருக்கின்றனர். ஓவியத்தைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்கும்போது, ஆடியில் வெறும் தரையாகக் கிடந்த கண்மாய்கள் நீரேந்தி நிற்கும்.